மைனஸ் வரிகள்

கரும்பலகையில் அவள் பெயருக்கு நேரே சிவப்புச் சாக்பீஸால் எழுதியிருந்தது: மைனஸ் 2772.

கிருபாபாய் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றாமல் கம்ப்யூட்டர் ரூமுக்குள் போகக்கூடாது என்பது அங்கே சட்டம். ஒன்றைக் கழற்றியிருந்தாள், மற்றது காலில் கிடந்தது. அவள் பெயருக்கு மேலே வைகுண்டராஜின் பெயர். அவனுக்கு வெள்ளையில் 410. அவன் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து, அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க ரப்பர் அக்கா," என்றான். "இன்னைக்கு எதை அழிக்கப் போறீக?"

அவள் மற்றச் செருப்பையும் கழற்றினாள். கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மற்றவர்கள் அதைப் பொறுமை என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

இராஜபாளையத்தின் அந்த நூற்பாலைக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. யூனிக்ஸ் ஓடும் பெட்டி ஒன்று, அதிலிருந்து நான்கு டெர்மினல்கள், மூலையில் கத்துகிற ஒரு பிரிண்டர். பெட்டியின் நெற்றியில் திருநீறும் குங்குமமும். அதைப் பார்த்துக்கொள்ள முதலாளி சங்கரலிங்கத்தை நியமித்திருந்தார். சங்கரலிங்கம் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். இப்போதும் எல்லோருக்கும் மாஸ்டர்தான். மில்லுக்குள் அவரை விட நம்பிக்கையான ஆள் முதலாளிக்கு இல்லை. கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை மாஸ்டரும் மறைக்கவில்லை.

ஸ்பின்னிங்கில் ஒவ்வொரு மிஷினிலும் ஹாங்க் மீட்டர் என்று ஒன்று உண்டு. ஓடுகிற நூலை அது ஹாங்க் என்ற நீளக் கணக்கில் எண்ணிக்கொண்டே இருக்கும். ஷிப்ட் முடிகிறபோது மேஸ்திரி வந்து மீட்டரைப் பார்ப்பார், யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்று போர்டில் எழுதுவார். வாதாட இடமில்லை. மாஸ்டர் இருபது வருடம் அந்தப் போர்டை வைத்தே ஆட்களை மேய்த்தவர். கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்த பிறகு அவருக்குக் கைகால் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. இரண்டு பேர் நாள் முழுக்கத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை செய்கிறார்களா, சும்மா இருக்கிறார்களா, எப்படித் தெரியும்?

மதுரையிலிருந்து சர்வீசுக்கு வந்த இன்ஜினியர் ஒருவரிடம் இதைக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் ரயிலுக்கு நேரமாகிற அவசரத்தில், ஒரு புரோகிராமில் எத்தனை வரி இருக்கிறது என்று மிஷினே சொல்லும் என்று ஒரு கட்டளையைக் காட்டிவிட்டுப் போனார். மாஸ்டருக்குத் தெரிந்த ஒரே கட்டளை அதுதான். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றுவார். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு வலது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டுவார். டபிள்யூ. சி. ஒரு இடைவெளி. ஒரு கோடு. எல். பிறகு புரோகிராமின் பெயர். எண் வந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. நேற்றைய எண்ணைக் கழித்து மிச்சத்தைப் போர்டில் எழுதுவார்.

இருவரும் கான்ட்ராக்டில் இருந்தார்கள். டிசம்பரோடு முடிகிறது. ஒருவரைத்தான் பெர்மனென்ட் ஆக்குவார்கள், போர்டில் யாருக்கு அதிகமோ அவருக்கு என்று மாஸ்டர் தீபாவளிக்கு மறுநாள் சொல்லிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் கிருபாபாயின் வீட்டிலும் அதே டிசம்பர்தான் கெடு. ஆரம்பப் பள்ளி வாத்தியாரான அவள் அப்பா நிதானமாகச் சொல்லியிருந்தார். "பெர்மனென்ட் ஆயிட்டா உன் இஷ்டம் பாய். இல்லைன்னா பாளையங்கோட்டைக்காரங்கள வரச் சொல்லி எழுதிருவேன். பொறவு என்னைக் குத்தம் சொல்லாத." அந்த மாப்பிள்ளையை அவள் ஒரு முறை பார்த்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் சினிமாப் பாட்டு வருமா என்று கேட்டான். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவது பற்றி அவன் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னான்.

அந்த மைனஸைப் பார்த்த அன்று மாஸ்டர் வரும்வரை அவள் காத்திருந்தாள்.

"மாஸ்டர், அந்த வரியெல்லாம் வேண்டாத வரி."

"வேண்டாததை எதுக்கும்மா எழுதுனாங்க?"

அது மிக்ஸிங் புரோகிராம். எந்த நூலுக்கு எந்த லாட்டிலிருந்து எத்தனை பேல் பஞ்சை எடுத்துக் கலக்க வேண்டும் என்று தினமும் காலையில் ஒரு தாள் அடித்துத் தரும். வெளியாட்கள் எழுதிக்கொடுத்தது. மில்லில் ஆறு ரக நூல் ஓடுவதால் ஒரே கணக்கை ஆறு முறை நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். பிறகு, அதிகம் கலந்தால் நூல் அறுந்துவிடும் என்று குட்டை இழைப் பஞ்சுக்கு ஒரு வரம்பு வைக்கச் சொன்னபோது ஐந்து இடத்தில் மட்டும் வைத்தார்கள். அறுபதாம் நம்பர் நூலுக்கான நகலை மறந்துவிட்டார்கள். குடோனில் குட்டை இழை லாட் வந்து இறங்கினால்தான் அந்தத் தவறு வெளியே வரும். அதுவரை வந்திறங்கவில்லை. கிருபாபாய் மூன்று வாரம் உட்கார்ந்து ஆறையும் ஒன்றாக்கினாள். இனி ஒரு இடத்தில் திருத்தினால் ஆறுக்கும் போதும். 3412 வரி 640 ஆனது. அவள் வாழ்க்கையில் செய்த நல்ல வேலைகளில் ஒன்று அது. அதைச் செய்து முடித்த அன்று, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

இதையெல்லாம் அவள் சொன்னாள். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

"தாயி, நீ சொல்றது எனக்கு வெளங்கல. ஆனா ஒன்னு. ஒருத்தன் எட்டு மணி நேரம் நின்னுட்டு மீட்டரைப் பின்னால ஓட்டுனான்னா நான் அவன என்ன சொல்லுவேன்?"

"ஸ்பின்னிங்குல மீட்டரை விரலால சுத்திவிட்டு ஹாங்க் காட்டுனவங்களப் பிடிச்சிருக்கேன்னு நீங்கதான சொல்லுவீக? வைகுண்டராஜ் செய்யறது அதுதான் மாஸ்டர். அவன் புரோகிராமைத் தெறந்து பாருங்க. பாதிக்கு மேல நட்சத்திரம்."

உண்மைதான். கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நட்சத்திரக் குறியோடு தொடங்கும் வரியை மிஷின் படிக்காது. அது மனிதர்களுக்கான குறிப்பு. வைகுண்டராஜ் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி நட்சத்திரம் போட்டுப் பெட்டி கட்டி வைத்திருந்தான்.

"அழகா இருக்கட்டுமேன்னு போட்டேன் மாஸ்டர்," என்றான் அவன். "அக்கா வீட்டுல கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டுறதில்லையா?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். "அவன் எழுதுதான்மா. எழுதுறது என் கண்ணுக்குத் தெரியுது. நீ அழிக்குற. அதுவும் தெரியுது."

அன்று பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயம். அழுகையை விட அந்தச் சிரிப்பை நினைத்தபோதுதான் எரிந்தது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கெட்டவராக இருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

டிசம்பர் முதல் வாரத்தில் வெளியூர் மில்காரர்கள் சிலர் கம்ப்யூட்டர் ரூமைப் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. முதலாளி அவர்களிடம் தங்கள் மில்லில் எவ்வளவு புரோகிராம் ஓடுகிறது என்று வரிக்கணக்காகவே சொல்லியிருந்தாராம். அந்தக் கணக்கைக் கொடுத்தவர் மாஸ்டர். இப்போது கூட்டிப் பார்த்தால், கிருபாபாய் அழித்த அளவுக்குக் குறைந்தது.

அந்தச் சனிக்கிழமை கிருபாபாய் லீவு. வத்திராயிருப்பில் சித்தி மகளுக்குக் கல்யாணம். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது ரூமெல்லாம் துடைத்து, ஊதுபத்தி கொளுத்தி, டெர்மினல்களுக்குப் புதுத் துணி உறை போட்டிருந்தது. விருந்தாளிகள் வந்தார்கள், தலையை ஆட்டினார்கள், போனார்கள். அவள் வேறு வேலையில் இருந்தாள். மிக்ஸிங் தாள் வழக்கம்போல ஒவ்வொரு நாளும் காலையில் அடித்து இறங்கியது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கேன்டீனில் பிச்சையம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டாள். பிச்சையம்மாள் கிருபாபாயின் தெருக்காரி. ஸ்பின்னிங்கில் பகல் ஷிப்டில் அறுந்த இழையை ஒட்டுகிற வேலை. தலையெல்லாம் பஞ்சுத்தூசி, கையில் சாப்பாட்டுத் தூக்கு, கண்ணில் நெருப்பு.

"ஏட்டி கிருபா, இங்க வா. என்ன எழவுப் பஞ்சுட்டி போடுதாவ?"

"என்னக்கா ஆச்சு?"

"அறுபதாம் நம்பர் ஓட மாட்டேங்குது. ஒன்ன ஒட்டிட்டுத் திரும்புறதுக்குள்ள நாலு அறுந்துருது. நேத்தெல்லாம் ஒண்ணுக்குப் போகக்கூட நேரமில்ல. அப்படிச் செத்தும் ஹாங்க் கொறஞ்சிருச்சுன்னு மெமோ குடுத்திருக்கான், அந்த லைனுல நிக்குற அம்புட்டு பேருக்கும். நான் என்ன மிஷினுக்கு அடியில பாயப் போட்டுப் படுத்துக் கெடந்தேனா?"

"பஞ்சு சரியில்லன்னு சொன்னீகளா?"

"சொன்னோம். மிக்ஸிங்குல போய்க் கேட்டா, கம்ப்யூட்டர் தாள்ல உள்ளதத்தான் போட்டோம்ங்கான். கம்ப்யூட்டர்ல யாருன்னு கேட்டா உன் பேரச் சொல்லுதான். அதான் உங்கிட்ட கேக்கேன். நீ என்னட்டி செஞ்ச?"

கிருபாபாய் கையில் இருந்த டம்ளரை மேஜையில் வைத்தாள். எழுந்து வாசலுக்கு நடந்தாள். "கேக்கேன்ல?" என்று பின்னாலிருந்து பிச்சையம்மாள் கத்தினாள். கேன்டீனில் எல்லோரும் திரும்பினார்கள்.

ரூமுக்கு வந்ததும் அந்த வாரத்துத் தாள்களை எடுத்துப் பார்த்தாள். அறுபதாம் நம்பரில் குட்டை இழை லாட் வரம்பில்லாமல் கொட்டியிருந்தது. போன வாரம்தான் அந்த லாட் குடோனுக்கு வந்திருந்தது. ஆனால் அந்த ஓட்டையை அவள் அடைத்துவிட்டாளே. அவள் கை தானாக டெர்மினலுக்குப் போனது. தினமும் சாயங்காலம் பார்த்து வெறுத்த அதே கட்டளையைத் தட்டினாள்.

3412.

அந்த எண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும். பழைய புரோகிராம். திருத்தத் தொடங்குமுன் டேப்பில் நகலெடுத்து வைத்தது. அவள் கொன்று புதைத்தது திரும்ப எழுந்து உட்கார்ந்திருந்தது. உச்சியில் அவள் பெயர் வேறு. வேலையைக் கையில் எடுத்த அன்று வழக்கப்படி அவளே போட்ட பெயர்.

"யாருலே டேப்பைப் போட்டது?" என்றாள்.

வைகுண்டராஜ் திரும்பவில்லை. அவள் அவனிடம் அதுவரை 'லே' போட்டுப் பேசியதில்லை.

"வைகுண்டராஜு, உன்னத்தான். சனிக்கிழமை பழைய டேப்பப் போட்டு என் புரோகிராம் மேல எறக்குனது யாரு?"

"மாஸ்டர் சொன்னாவ. நான் செஞ்சேன்." அவன் குரல் இறங்கியிருந்தது. "டோட்டல் கொறையுதுன்னு ரொம்ப வெசனப்பட்டாவக்கா. முதலாளி முன்னால பொய்க்காரனா நிக்கணுமான்னு கேட்டாவ. பழையதும் ஓடிட்டுத்தான இருந்துச்சு?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீங்க விடுவீகளா?"

மேஜை மேல் இருந்த டஸ்டரை எடுத்து அவன் மேல் எறியலாம் போலிருந்தது. எறியவில்லை.

மாஸ்டரைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அவரே வந்தார். அறுபதாம் நம்பர் ஓடவில்லை என்று முதலாளிக்குத் தகவல் போய்விட்டது. விசாரணைக்கு நாளை காலை இங்கேயே வருகிறார். மாஸ்டர் வைகுண்டராஜை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். முகம் வற்றியிருந்தது.

"தாயி, ஒரு டைப்பிங் மிஸ்டேக்குனு எழுதிக் குடுத்திரு. சின்னதா. அதுல உன் பேருதான இருக்கு? முதலாளி ஒன்னும் செய்ய மாட்டாவ. பொம்பளப் புள்ள, தெரியாமச் செஞ்சிட்டான்னு விட்ருவாவ. நான் பேசி ஜனவரியில உன்னப் பெர்மனென்ட் ஆக்கிருதேன். போர்டுல உனக்குப் பிளஸ்ஸாவே எழுதிருதேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பிரிண்டரில் யாரோ விட்டுப்போன தாள் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அவருக்கு உட்கார முடியவில்லை.

"ஏதாவது சொல்லும்மா."

"அறுபதாம் நம்பர்ல மெமோ வாங்குனவங்கள்லாம் தெரியாம என்ன செஞ்சாங்க மாஸ்டர்?"

"அது ஸ்பின்னிங். அது வேற."

"நீங்க ஸ்பின்னிங்குலதான இருந்தீக? கெட்ட பஞ்ச வச்சு யாரும் ஹாங்க் ஓட்ட முடியுமா?"

அவர் எழுந்து போனார். நல்ல வேளை போனார் என்று நினைத்தாள். இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் தன் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை முதலாளி வந்தார். வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நின்றார். தெலுங்கு வீட்டுப் பேச்சு, மில்லுக்குள் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். பின்னால் மாஸ்டர். மூலையில் வைகுண்டராஜ்.

"உன் புரோகிராம்தான்மா?"

"என் பேரு இருக்கு சார். என் புரோகிராம் இல்ல." கோபம் வந்தும் இந்த முறை பேச்சு நிற்கவில்லை. "மாஸ்டர், நீங்க வழக்கமா தட்டுறதத் தட்டுங்க."

"இப்ப எதுக்கு..."

"தட்டுங்க மாஸ்டர்."

முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரல் எழுத்துகளைத் தேடியது. எண் வந்தது. யாரும் படித்துச் சொல்லவில்லை.

"போன மாசம் எனக்கு மைனஸ் 2772 போட்டது மாஸ்டர்தான். அம்புட்டு வரியும் அழிச்சாச்சுன்னு அவியளே எண்ணிப் பார்த்து எழுதினாவ. இப்ப அந்த அம்புட்டும் இதுல இருக்கு. அழிச்சது எப்படி சார் திரும்ப வந்துச்சு? நான் அன்னைக்கு வத்திராயிருப்புல பந்தியில பரிமாறிக்கிட்டு இருந்தேன்."

முதலாளிக்குப் புரிவதற்குச் சற்று நேரம் எடுத்தது. புரிந்தபோது அவர் மாஸ்டரின் பக்கம் திரும்பி, "எந்தப் பனி சேசாவய்யா," என்றார் தெலுங்கில். என்ன காரியம் செய்துவிட்டாய் என்று. சத்தம் போடவில்லை. மாஸ்டர் தலை குனிந்து, விசைப்பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துத் தனக்குச் சந்தோஷம் வரும் என்று கிருபாபாய் முந்திய நாளெல்லாம் எண்ணியிருந்தாள். வரவில்லை. கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அங்கேயே தீர்ப்பும் ஆனது. அவளுடைய புரோகிராம் திரும்பப் போட வேண்டும். மாஸ்டர் ஸ்பின்னிங்குக்கே போகிறார். கிருபாபாய் ஜனவரியிலிருந்து பெர்மனென்ட், ரூமுக்குப் பொறுப்பும் அவளே. வைகுண்டராஜுக்கு இன்னும் ஆறு மாதம் கான்ட்ராக்ட்.

"அவன என்ன செய்யலாம்னு போர்டைப் பார்த்து அப்புறம் முடிவு பண்ணுவோம்," என்றார் முதலாளி. "இனிமே போர்டை நீ எழுதும்மா. உனக்குத்தான் அது சரியாத் தெரியுது."

"சார், போர்டே வேண்டாம். இந்தக் கேடு வந்ததே அதாலதான்."

"மாஸ்டர் தப்பாப் பண்ணுனதால வந்துச்சு. போர்டு என்ன செய்யும்?"

"இதுல எத்தனை வரின்னு எண்றதுல அர்த்தமில்ல சார். தாள் சரியா வருதான்னு பாருங்க."

"தாள் சரியா வரணும்தான். அதுக்காக ஆள் வேலை செய்யறானான்னு பார்க்காம இருக்க முடியுமா?" அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். "அளக்காம மில்லு நடத்துன ஒருத்தனைக் காட்டு. நானும் நிறுத்திருதேன். உனக்கு வேண்டாம்னா சொல்லு, வேற ஆளப் பார்த்துப் போட்டுக்கிடுதேன். போர்டும் பெர்மனென்ட்டும் ஒரே ஆளுக்குத்தான்."

அவளுக்குப் பாளையங்கோட்டை ஞாபகம் வந்தது. அம்மாவிடம்தான் கேட்க வேண்டும் என்று சொன்ன அந்த முகம் வந்தது. இந்தக் குளிர்ந்த அறையையும், ஆறு ஒன்றான அந்தச் சாயங்காலத்தையும் நினைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் நாளை இந்த நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்து எண்ணத்தான் போகிறார்கள்.

"அறுபதாம் நம்பர் லைன்ல குடுத்த மெமோவையெல்லாம் கிழிச்சுப் போடணும் சார். இன்னைக்கே."

முதலாளி அவளை வியப்போடு பார்த்தார். அது இந்தப் பேச்சில் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. "சரி, கிழிக்கச் சொல்லுதேன். அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

ஜனவரி முதல் வாரம். பிச்சையம்மாள் ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "மெமோவ வாங்கிக் கிழிச்சுட்டானுவட்டி. சுருக்கா ஓடு, பேசாதன்னும் சொல்லிட்டானுவ," என்றாள். நன்றி சொல்வது போலவும் இல்லை, குறை சொல்வது போலவும் இல்லை. கிருபாபாயின் அப்பா பாளையங்கோட்டைக்கு எழுதவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் எழுந்து வைகுண்டராஜின் டெர்மினலுக்குப் போனாள். அவன் நாற்காலியைத் தள்ளி வழிவிட்டான். மாஸ்டரைப் போல விரலால் தேட வேண்டியதில்லை. ஒரு நொடியில் தட்டி முடித்தாள். எண் வந்தது. போர்டுக்குப் போய் எழுதினாள். அன்று அவன் பகலெல்லாம் ஒரு தவறைத் தேடிப்பிடித்துத் திருத்தியிருந்தான். நல்ல வேலை. வரி ஒன்று கூடியிருந்தது. அவன் பெயருக்கு நேரே ஒன்று என்று நின்றது.

"அக்கா, நாளைக்கு எம்புட்டு வேணும்?" என்றான் பின்னாலிருந்து. "சொல்லிருங்க. போட்டுருதேன்."

"வேலைக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு எழுது."

"இன்னைக்கு அப்படித்தான எழுதுனேன்?"

அவன் குரலில் விளையாட்டு இல்லை. ஆறு மாதக் கெடு அவன் கண்ணிலும் இருந்தது. கிருபாபாய் போர்டைப் பார்த்தபடியே நின்றாள். திரும்பினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எண்ணச் சொன்ன முதலாளி மேல் கோபப்படலாம், எண்ணி எழுதிய மாஸ்டர் மேல் கோபப்படலாம். இப்போது சாக்பீஸ் அவள் கையில் இருந்தது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நட்சத்திரம் போடட்டாக்கா?" என்று கேட்டான்.

அவளுக்குப் பேச்சு வரவில்லை.